கொடிக்குழலில் குடியேறியவர்கள்

கெய்னா, ஹீயுமா தீவு
ஜூன் 20

அன்புள்ள விர்வே அக்காவுக்கு,

உன் தம்பி கல்யோ எழுதுவது. இங்கே நானும் லெய்டாவும் நலம். உருளைக்கிழங்குச் செடிகளும் நலம். தார்த்துவில் நீயும் அத்தானும் அத்தானின் இடது முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மழை இந்த வருடம் குறை சொல்ல முடியாத அளவுக்குப் பெய்தது. இருந்தாலும் பக்கத்து வீட்டு இல்மார் குறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான்.

விசாரிப்பு முடிந்தது. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்கும்போதே நீ "முடிவைச் சொல்லுடா" என்பாய். முடிவை மட்டும் சொன்னால் நான் குற்றவாளி. காரணத்தோடு சொன்னால்தான் நிரபராதி. அதனால் எழுதுகிறேன். இல்மார் நாளை பல் வைத்தியரைப் பார்க்க தார்த்து வருகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். வெற்றி நாளுக்கு நீ கிளம்பும் முன் உனக்கு இது கிடைத்துவிடும்.

பத்திரிகைக்காரன் வழக்கப்படி முக்கியச் செய்தியை முதலில் எழுதிவிடுகிறேன். இருபத்துமூன்றாம் தேதி வெற்றி நாளன்று நீ ஃபெர்ரியிலிருந்து இறங்கி, பழைய கம்பளி ஆலைத் திருப்பத்தில் காரை வளைத்து வரும்போது, ஊரில் எல்லா வீட்டிலும் கொடி பறக்கும். நம் வீட்டு முகப்பில் பறக்காது.

காரைத் திருப்பிவிடாதே. மீதியையும் படி.

போன ஆகஸ்டில் நடந்ததை நாம் இருவரும் வேறு வேறு விதமாக நினைவில் வைத்திருக்கிறோம். அன்று நான் ஏற்றிய கொடி தலைகீழாக இருந்தது என்பதை மறுக்கவில்லை. வெள்ளை மேலே, நீலம் கீழே. ஆனால் அதற்கு முந்தின நாள்தான் இல்மார் என் கண்ணாடி மேல் உட்கார்ந்திருந்தான். கண்ணாடி இல்லாதவனுக்குக் கறுப்பு நடுவில் இருந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும். நீ முப்பது வருடம் பள்ளியில் குடிமையியல் நடத்தியவள். பையைக் கூடக் கீழே வைக்காமல் வாசல் கதவருகே நின்று பார்த்தாய். "சின்னப் பசங்க கலர் பென்சில்ல போடுறதையே தலைகீழாப் போடுற வீடாயிடுச்சு இது. இதுக்குள்ள இன்னும் யாரோ உயிரோட இருக்காங்கன்னு நான் எப்படிடா நம்புறது? வித்துடலாம்" என்றாய். வீட்டில் பாதி உன் பெயரில் இருக்கிறது. நீ சொன்னால் சொன்னதுதான். வீட்டுக்கு விலை கேட்ட அந்த தாலின்காரர் அதற்கு முன்பே இரண்டு தடவை தலைநகரிலிருந்து வந்து, பேசிக்கொண்டே நம் சன்னல்களைக் கண்ணால் அளந்துவிட்டுப் போயிருந்தார். வாங்கினால் வீட்டுக்குச் சாம்பல் நிறம் அடித்து, கோடையில் இரண்டு வாரம் வந்து படுத்துவிட்டுப் போவார்.

நீ கெடு வைத்தாய். "அடுத்த வெற்றி நாளைக்கு வர்றேன். கொடி ஒழுங்காப் பறந்தா இந்த வீட்டைப் பத்தி வாயே திறக்க மாட்டேன். இல்லேன்னா வந்த ஃபெர்ரியிலயே திரும்பிப் போய் அந்த மனுஷனுக்குப் போன் பண்ணிடுவேன்." அதை நான் கேட்டேன், லெய்டா கேட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் கேரட்டுக்குக் களை பிடுங்குவதாக நடித்துக்கொண்டிருந்த இல்மாரும் கேட்டான். ஆகவே ஊருக்கே தெரியும்.

நான் சும்மா இருக்கவில்லை. புதுக் கண்ணாடி வாங்கினேன். புதுக் கொடி வாங்கினேன். பிப்ரவரியில் சுதந்திர நாளன்று உறைபனியில் கொடி ஏற்றி, நீலம் மேலே இருப்பது தெரியும்படி உனக்குப் படம் அனுப்பினேன். நீ பதிலுக்கு ஒரு புள்ளி மட்டும் அனுப்பினாய். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். மே மாதம் அன்னையர் தினத்தன்றும் ஏற்றினேன். சூரியன் மறைந்ததும் இறக்கி, மடித்து, மேசைத் துணிகளோடு அலமாரியில் வைத்தேன். அதுவரை ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலை லெய்டா சன்னலில் நின்றபடி, "ஏங்க, இங்க வாங்களேன். ரெண்டு பேர் வீடு பார்க்க வந்திருக்காங்க" என்றாள். தாலின்காரர்தான் பெண்டாட்டியோடு வந்துவிட்டார் என்று செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். வெளியே வந்து பார்த்தால் இரண்டு தகைவிலான் குருவிகள். முகப்புக் கூரைக்குக் கீழே, கொடிக்கம்பைச் செருகும் இரும்புக் குழலின் வாயில் உட்கார்ந்து, எங்களை மேலும் கீழும் பார்த்தன. அன்று மாலையே சேறு கொண்டுவர ஆரம்பித்துவிட்டன.

அக்கா, நீயே சொல், நான் என்ன செய்திருக்க முடியும்? நம் தேசியப் பறவை உலகத்தில் உள்ள எல்லா இடத்தையும் விட்டுவிட்டு, ஆப்பிரிக்காவிலிருந்து பறந்து வந்து, நம் தேசியக் கொடியின் குழலில் வந்து குடியேறுகிறது. விரட்டவா முடியும்? தகைவிலானுக்குக் கெடுதல் செய்தவனுக்குக் கண் போய்விடும் என்று நம் அம்மா சொல்வாள். கண்ணாடி இல்லாமலே நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். அதனால் விரட்டவில்லை. உண்மையைச் சொன்னால், பெருமைப்பட்டேன். கூட்டைப் படம் பிடித்து நாலு வரி எழுதி எங்கள் பழைய பத்திரிகைக்கு அனுப்பினேன், ஓய்வு பெற்றும் கை அரிப்பு போகவில்லை. ஜூன் முதல் வாரம் போட்டார்கள். அதன்பின் வழிப்போக்கர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்க்க ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தீவு சாரெமாக்காரர் ஒருவர் மட்டும், "எங்க தீவுல இதைவிடப் பெரிய கூடு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தான் ஊர்க்காரர் என்பதால் பதில் சொல்லாமல் விட்டேன்.

இல்மாரும் வந்து பார்த்தான். "முதுகு நீலக்கறுப்பு, வயிறு வெள்ளை. கொடியேதான்" என்றான். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "தொண்டையில மட்டும் சிவப்பு இருக்கு பாரு. பழைய செங்கொடி ஆட்சியில கொஞ்சம் ஒட்டிக்கிட்டது போல" என்றான்.

ஜூன் நாலாம் தேதி கொடியின் பிறந்தநாள் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கொடிக்குழலில் குருவி முட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது, கொடியை எங்கே செருகுவது? லெய்டா சன்னலில் தொங்கவிடச் சொன்னாள். சன்னலில் தொங்கவிட்டால் துவைத்துக் காயப்போட்டதுபோல இருக்கும், அக்கா பார்த்தால் துணி உலர்த்துகிற வீடு என்பாள் என்றேன். சரி, குழலில் ஓரமாகக் கொஞ்சம் இடம் இருக்கிறதா என்று பார்க்கலாம், கூட்டைத் தொடக்கூட வேண்டாம் என்று ஏணி போட்டு ஏறினேன். மூன்றாவது படியில் ஆண் குருவி வந்தது. என் காதை உரசிக்கொண்டு போய்த் திரும்பி வந்து தொப்பியைத் தட்டியது. நானும் விடாமல், "இது சட்டம், புரியுதா? வருஷத்துல மூணு நாள் ஒவ்வொரு வீட்டுலயும் கொடி ஏத்தணும், அதுல ஒண்ணு இருபத்துமூணாம் தேதி" என்று அதனிடம் எடுத்துச் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சட்ட எண்ணையும் சொல்லு, அப்பதான் நம்பும்" என்று ஒரு குரல் வந்தது. தொப்பி மழைநீர்ப் பீப்பாயில் விழுந்தது. நான் பீப்பாய்க்குப் பக்கத்தில் விழுந்தேன்.

அடுத்து ஊராட்சி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். சின்னப் பெண் ஒருத்தி எடுத்தாள். நான் விவரம் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டாள். இந்தப் பொறுமையை நீ அவளிடம் கற்றுக்கொள்ளலாம்.

"ஐயா, சட்டத்துல குருவிக்கு விலக்கு எதுவும் இல்ல" என்றாள்.

"அப்ப கூட்டை எடுக்கணுமா?"

"ஐயையோ, அப்படி யார் சொன்னா? கூட்டுல கை வைக்கக் கூடாது. அதுவும் சட்டம்தான்."

"ரெண்டு சட்டமும் ஒரே குழல்ல இருக்கேம்மா. நான் எதைக் கேட்கிறது?"

"எது கத்துதோ அதைக் கேளுங்க ஐயா" என்றாள். "கொடி கத்தாது. உங்க வீட்டுல ஏன் கொடி இல்லைன்னு யாராவது கேட்டா, எங்ககிட்ட அனுப்புங்க. நாங்களும் வந்து கூட்டைப் பார்க்கணும்."

இப்படி ஒரு நாட்டில் பிறந்ததற்கு எனக்கு அன்று நெஞ்சு கொஞ்சம் விம்மியது. ஆனால் "யாராவது" என்று அவள் சொன்ன ஆள் நீ என்பது அவளுக்குத் தெரியாது. நீ ஊராட்சி அலுவலகத்துக்கெல்லாம் போக மாட்டாய், நேரே ஃபெர்ரிக்குத்தான் போவாய். அதனால் வேறு வழி தேடினேன். வாசலுக்கு மறுபக்கம் புதுக் குழல் ஒன்று அடித்துவிடலாம் என்றுதானே நினைக்கிறாய்? நானும் அதைத்தான் நினைத்தேன். கடையில் குழல் வாங்கினேன், துளைக்கும் மெஷினை இல்மாரிடம் கடன் வாங்கினேன். குருவி இருக்கும் பக்கம் மரம், மறுபக்கமோ தாத்தா கட்டிய சுண்ணாம்புக்கல் சுவர். அந்தக் கல்லைத் தேசியக் கல் என்று ஏன் அறிவித்தார்கள் என்பது எனக்கு அன்று புரிந்தது. மெஷின் கத்தியது, நான் தள்ளினேன், கல் சும்மா இருந்தது. ஊசி இரண்டாக ஒடிந்தது. அடுத்த ஊசியைப் போட்டு உடம்பையே சாய்த்துத் தள்ளினேன். வெளியே கல் அசையவில்லை, உள்ளே சமையலறைச் சுவரின் பூச்சு மட்டும் ஒரு பலகை அளவுக்குப் பெயர்ந்து, லெய்டா யானி நாள் கோடை விருந்துக்காக ஊறவைத்திருந்த ரைம் மீன் சட்டியில் போய் விழுந்தது. லெய்டா வெளியே வந்தாள். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "கல்லு ஜெயிச்சிடுச்சு, மீன் தோத்துடுச்சு. ரெண்டும் தேசியம்தான், நான் யாருக்கு அழுவறது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தனிக் கம்பமே நட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன், அரசாங்க அலுவலகங்களில் இருப்பதுபோல, முற்றத்தில் நிமிர்ந்து நிற்கிற வெள்ளைக் கம்பம். காட்டிலிருந்து நேரான தேவதாரு ஒன்றைக் கொண்டுவந்து, சீவி, வெள்ளை அடித்தேன். குழி தோண்டினேன். முழங்கால் ஆழத்தில் ணங் என்றது. அங்கேயும் அதே கல். இந்தத் தீவில் மண் என்பது கல்லுக்குப் போர்த்திய மெல்லிய போர்வை என்பதை நான் இத்தனை வருடம் வாழ்ந்தும் மறந்துவிட்டேன். முழங்கால் ஆழத்திலேயே நட்டு, சுற்றிலும் கல் அடுக்கி, பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டேன். படத்தில் அது நேராகத்தான் இருக்கிறது. சாயங்காலம் கடல் காற்று வந்தது. கம்பம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் விழுந்திருக்கலாம். அது வேலியைத் தாண்டி இல்மாரின் ரை தானிய வயலில், நீலப்பூக்கள் அடர்ந்து பூத்திருந்த மூலையாகப் பார்த்து விழுந்தது.

இல்மார் வந்து, நசுங்கிய பூக்களைக் குனிந்து பார்த்தான். "தேசியப் பறவையைத் திட்டினே. தேசியக் கல்லைக் குத்தினே. தேசிய மீனைக் கெடுத்தே. இப்ப தேசிய மலர்" என்றான். "பாக்கி அந்த மூணு சிங்கம்தான். நல்லவேளை, அதுங்க தாலின்ல அரசாங்க முத்திரைக்குள்ள இருக்கு. உன் ஏணி அங்க எட்டாது."

"நஷ்டத்தைக் குடுத்துடறேன்பா" என்றேன்.

"அடப் போடா. களைச்செடியைப் பிடுங்கிப் போட்டதுக்கு நான்தான் உனக்குக் கூலி குடுக்கணும். ஆனா இதை ஊருக்குச் சொல்லாம இருக்க முடியாது, அதை மட்டும் மன்னிச்சுக்க."

நடுவில் ஒரு நாளைப் பற்றி எழுத வேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். பதினாலாம் தேதி. பெரியப்பாவையும் பெரியம்மாவையும் மற்றவர்களையும் செங்கொடி ஆட்சிக்காரர்கள் சரக்கு ரயிலில் ஏற்றி நாடுகடத்திய நாள். எந்த வருடமும் அன்று நம் வீட்டில் கறுப்பு நாடா கட்டிய கொடி ஏறாமல் இருந்ததில்லை, அந்த ஆட்சி போய் ஏற்ற முடிந்த காலம் வந்ததிலிருந்து. காலையில் நாடாவைக் கட்டினேன். செருக இடம் இல்லை. அலமாரியில் திருப்பி வைக்கவும் கை வரவில்லை. அதனால் வாசல் கதவருகே போய்க் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. காரில் போனவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். இல்மார் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தான். ஏதாவது சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றி வேலிக் குச்சியில் மாட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு வந்தான். "குடு. போய்க் காபி குடிச்சிட்டு வா" என்றான். அவ்வளவுதான். அவன் நின்றான், அப்புறம் லெய்டா, அப்புறம் நான். குருவிகள் எங்கள் தலைக்கு மேலே போவதும் வருவதுமாக இருந்தன, அன்று யாரையும் தட்டவில்லை. மாலையில் மடித்து உள்ளே எடுத்துப் போனோம். கை மட்டும் இரண்டு நாள் வலித்தது.

இப்போது கூட்டில் ஐந்து குஞ்சுகள். வாயைத் திறந்தால் ஐந்து மஞ்சள் வாய்தான் தெரிகிறது, மற்ற உடம்பு எங்கே என்று தேட வேண்டும். மாத முடிவுக்கு முன் பறக்காது என்கிறான் இல்மார். ஆகவே வருடத்தில் கொடியை இராத்திரியிலும் இறக்காத ஒரே இரவில், வெற்றி நாள் முடிந்து யானி நாள் விடிகிற இரவில், ஊரெல்லாம் தீ மூட்டிப் பாடும்போது, நம் வீட்டு முகப்பு வெறுமையாகத்தான் இருக்கும்.

அக்கா, நான் கேட்பது ஒன்றுதான். தகைவிலான் ஆள் போன வீட்டில் கூடு கட்டாது. அதற்குக் கதவு திறந்து மூடுகிற சத்தம் வேண்டும், ஈ வேண்டும், ஈ வருவதற்கு மாடு வேண்டும். நம்மிடம் மாடு இல்லையே என்றேன். "நீ இருக்கியே, போதும்" என்றான் இல்மார். இந்த வீட்டில் உயிரோடு யாராவது இருக்கிறார்களா என்று நீ கேட்டாய். கொடி இல்லாததுதான் அதற்குப் பதில். நீ வந்து இறங்கி, அண்ணாந்து, அந்த ஐந்து வாயையும் ஒரு தடவை பார். பார்த்த பிறகும் தாலின்காரருக்குப் போன் செய்யத் தோன்றினால், என் போனையே தருகிறேன்.

லெய்டா உன்னை விசாரித்தாள். புது மீன் ஊறவைத்துவிட்டாள், பூச்சு இல்லாமல். அத்தானுக்கு என் வணக்கம், அவர் முழங்கால் நீண்ட காலம் மடங்கி நிமிரட்டும். உன் தோட்டத்துத் தக்காளிக்கும் உன் கோபத்துக்கும் நல்ல வெயில் கிடைக்கட்டும், தக்காளி பழுக்க, கோபம் உலர.

இப்படிக்கு,
உன் தம்பி,
கல்யோ

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம்.

உறையை எடுத்துக்கொண்டு இல்மாரிடம் போனேன். அவன் கையை நீட்டவில்லை. "இதைப் போய் உங்க அக்காகிட்ட நான் எந்த முகத்தோட குடுக்கிறது? அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றான்.

"என்ன தெரியும்?"

"குருவி, பீப்பாய், மீன் சட்டி, கம்பம். தினமும் சாயங்காலம் போன் பண்ணிக் கேட்பாங்க. உன்னை மாதிரி இழுக்க மாட்டேன், ரெண்டே வரியில சொல்லிடுவேன்."

காலமெல்லாம் இந்தத் தீவுக்கே செய்தி சொன்னவன் நான். என்னைப் பற்றிய செய்தி என் வேலியைத் தாண்டி தார்த்து வரைக்கும் தினமும் போயிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. நீ இன்னும் நம் தீவுப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறாய் என்பதையும் அவன்தான் சொன்னான். கூட்டின் படத்தைப் பார்த்த அன்றே தாலின்காரரைக் கூப்பிட்டு, வீட்டில் ஏற்கெனவே ஒரு குடும்பம் குடியேறிவிட்டது என்று சொல்லிவிட்டாயாம். ஒப்பந்தம் இருக்கிறதா என்று அவர் கேட்டாராம். அரசாங்க அளவில் இருக்கிறது என்றாயாம்.

"அப்ப எதுக்குடா நான் கம்பம் நட்டேன்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நானும் கேட்டேன். 'அவன் அடுத்து என்ன பண்ணப் போறான்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது, கொஞ்சம் விட்டுப் பிடி'ன்னாங்க." பிறகு அவன் சிரிப்பதை நிறுத்தினான். "பதினாலாம் தேதி விஷயம் சொன்னப்போ மட்டும் ரெண்டு வரி பத்தாது, முழுசாச் சொல்லுன்னாங்க. அப்புறம் சொன்னாங்க. 'வெற்றி நாளைக்கும் அப்படியே கையில பிடிக்கச் சொல்லு. நான் வந்து கூட நிக்கிறேன். மாத்தி மாத்திப் பிடிச்சுக்கலாம்'னு."

அக்கா, அன்றிரவு கொடியை இறக்கக் கூடாது என்று பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தவள் நீ. விடியும்வரை நிற்கப் போகிறோம். யோசித்துத்தான் சொன்னாய் என்று நம்புகிறேன். கடிதத்தை இருந்தாலும் இல்மாரிடமே கொடுத்தனுப்புகிறேன், எழுதியதை எறிய மனம் வரவில்லை. போர்வை கொண்டு வா. வாசலில் இரண்டு நாற்காலி போட்டுவிட்டேன், அத்தான் முழங்காலுக்கு மூன்றாவது ஒன்று.

நீலம் மேலே. இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.